நிரலில் ஓட்டை தேடுவது எப்படி: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்கு

முதல் கோப்பின் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போனால் பாதுகாப்பு ரெவ்யூ எந்தக் காலத்திலும் முடியாது. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். அப்புறம் ஓட்டை பல்லிளித்தாலும் தெரியாது. ஏதாவது ஓர் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதுதான் வேலைக்கு ஆகும். திரும்பத் திரும்ப வரும் அறிகுறிகளைக் கீழே தலைப்புகளாகப் போட்டிருக்கிறேன். எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சீக்கிரம் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

தொடங்கும் முன் மூன்று விஷயம் தயாராக இருக்கட்டும்: உண்மையான பயனர் தரவு இல்லாத ஒரு சோதனைப் பிரதி, அதில் இரண்டு சாதாரணப் பயனர் கணக்குகள், ரெப்போ (நிரல் முழுவதும் வரலாற்றோடு இருக்கும் கிடங்கு) முழுக்கத் தேட ரிப்கிரெப் மாதிரி ஒரு கருவி. உங்களுடையது அல்லாத தளத்தில் எழுத்து மூல அனுமதி இல்லாமல் இவற்றைச் செய்து பார்க்க வேண்டாம்.

## மேற்கோள் குறி போட்டால் 500 பிழை வருகிறது

தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டியதும் பக்கம் உடைகிறது, லாகில் எஸ்கியூஎல் இலக்கணப் பிழை பதிவாகிறது. பயனர் தட்டிய எழுத்து குவெரியோடு, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் வாக்கியத்தோடு, கலந்து ஓடுகிறது என்று அர்த்தம்.

குவெரியை ஒட்டுப்போட்டு எழுதியிருக்கிறார்களா? எக்ஸிக்யூட், குவெரி, ரா ஆகிய பெயர்களை ரெப்போ முழுக்கத் தேடுங்கள். வாக்கியம் கூட்டல் குறியாலோ பைத்தானின் எஃப்-ஸ்ட்ரிங்காலோ ஜாவாஸ்கிரிப்டின் பேக்டிக்காலோ கட்டப்பட்டிருந்தால் அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும் (இதில் வரும் "வேர்", அடுத்து வரும் "ஆர்" இரண்டும் எஸ்கியூஎல் சொற்கள்: "எங்கே", "அல்லது"):

"… வேர் பெயர் = '" + பெயர் + "'"

பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் அ' ஆர் '1'='1 என்று தட்டினால் டேட்டாபேஸுக்குப் போவது இது:

… வேர் பெயர் = 'அ' ஆர் '1'='1'

'1'='1' எப்போதும் உண்மை என்பதால் அட்டவணையின் எல்லா வரிசைகளும் வெளியே வந்துவிடும். மதிப்பைத் தனியாக அனுப்பும் பேராமீட்டர் முறைக்கு மாற்றினால் முடிந்தது. மேற்கோள் குறியைத் தேடி அழிக்க யாராவது சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தால் அதை நம்பாதீர்கள். எண்ணாக வரும் ஐடியை ஒட்டும் இடத்தில் தாக்குபவருக்கு மேற்கோள் குறியே தேவைப்படாது.

ஓஆர்எம் (குவெரியை நமக்காக எழுதித் தரும் நூலகம்) பயன்படுத்தியும் உடைகிறதா? வரிசைப்படுத்தும் பகுதியைப் பாருங்கள். பேராமீட்டரில் மதிப்பைத்தான் அனுப்ப முடியும். அட்டவணைப் பத்தியின் பெயரையோ ஏறுவரிசை, இறங்குவரிசை என்பதையோ அனுப்ப முடியாது. அதனால் அங்கே மட்டும் ஒட்டுப்போட்டிருப்பார்கள். அனுமதிக்கும் பத்திப் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் இல்லாததை நிராகரியுங்கள்.

படிவம் சரியாக இருக்கிறது, பிழை இரவில் ஓடும் அறிக்கையில் வருகிறதா? உள்ளே போகும்போது பத்திரமாகச் சேமித்த அதே பெயரை, "நம் டேட்டாபேஸில் இருப்பதுதானே" என்று வேறொருவர் இன்னொரு குவெரியில் ஒட்டியிருப்பார். அட்மின் அறிக்கை, ஏற்றுமதி, பின்னணி வேலைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரல்) உள்ள இடமாக இருந்தால், அதற்குள்ளும் குவெரியை ஸ்ட்ரிங்காகக் கட்டி ஓட்டும் வழக்கம் உண்டு. அது ரெப்போவில் தேடினால் கிடைக்காமலே போகலாம். டேட்டாபேஸிலிருந்து எடுத்துத்தான் படிக்க வேண்டும்.

ஓர் இடம் கிடைத்ததும் திருத்திவிட்டு மூடிவிடாதீர்கள். கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளை) பார்த்து, அதே நேரத்தில் எழுதப்பட்ட மற்ற குவெரிகளையும் திறந்து பாருங்கள். யார் எழுதியது என்று குறை சொல்ல இல்லை. காப்பி-பேஸ்ட் எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பழைய லாகில் வெளியிலிருந்து வந்த வேண்டுகோள்களில் "யூனியன் செலக்ட்" போன்ற சொற்கள் கண்ணில் பட்டால், ரெவ்யூவை அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே யாரோ முயன்றிருக்கிறார், ஒருவேளை வென்றுமிருக்கலாம். லாகை அழிக்காமல், சர்வரைத் துடைத்து மறுபடி நிறுவாமல், ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, ஊடுருவல் விசாரணை செய்பவர்களிடம் கொடுங்கள்.

## முகவரியில் எண்ணை மாற்றினால் அடுத்தவர் விவரம் தெரிகிறது

பில் எண் 1042 உங்களுடையது. 1043 என்று மாற்றித் தட்டினால் வேறொருவருடைய பில் வருகிறது. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு முதலிடத்துக்கு வந்தது; 2017 பட்டியலில் அது ஐந்தாவது இடத்தில் இருந்தது. நிரலின் இலக்கணம் கச்சிதமாக இருப்பதால், ஓட்டைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 1043 யாருடையது என்பது அதற்கு எப்படித் தெரியும்? இது மனிதர்தான் பார்க்க வேண்டிய வேலை, அதனால் நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

ஒரு வழியில் மட்டும் மறந்துவிட்டதா? ரூட் (சர்வர் ஏற்கும் முகவரி வழிகள்) பட்டியலை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக "யார் என்று பார்க்கிறதா, அவருடையதா என்று பார்க்கிறதா" என இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டம் எல்லாவற்றுக்கும் நிரம்பும். இரண்டாவதில்தான் காலியிடம் விழும். பார்க்கும் பக்கத்தில் சோதனை இருக்கும். அதே பில்லின் பிடிஎஃப் பதிவிறக்கம், நீக்கும் வழி, மொபைல் ஆப்புக்கான பழைய ஏபிஐ ஆகியவற்றில் இருக்காது. முதல் கணக்கின் டோக்கனை (லாகின் செய்ததும் சர்வர் தரும் அடையாளச் சீட்டு) வைத்து இரண்டாவது கணக்கின் எண்களைக் கேட்டு, ஒவ்வொரு ரூட்டாகத் தட்டிப் பாருங்கள்.

திருத்தும்போது, வரிசையை எடுத்துவிட்டுப் பின்னால் இஃப் போட்டுச் சரிபார்ப்பதைவிட, குவெரியிலேயே "எண் 1043, உரிமையாளர் இவர்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பது மேல். இஃப் மறந்துபோகும். குவெரியில் இருந்தால் தரவே வராது.

பொத்தானை மட்டும் மறைத்திருக்கிறார்களா? திரையில் "நீக்கு" பொத்தான் தெரியாது, சர்வர் மட்டும் யார் கேட்டாலும் நீக்கித் தரும். பிரௌசரில் இருப்பது எதுவும் காவல் ஆகாது.

படிவத்தில் இல்லாத புலத்தையும் சர்வர் ஏற்றுக்கொள்கிறதா? சுயவிவரத்தைச் சேமிக்கும் வேண்டுகோளில் "அட்மின்: உண்மை" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். வந்த ஜேசனை அப்படியே மாடலில் கொட்டும் நிரல் அதையும் எழுதிவிடும். 2012 மார்ச்சில் ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கின் இதே வசதி வழியாக கிட்ஹப்பிலேயே ஒருவர் புகுந்து, ரெயில்ஸ் திட்டத்தின் ரெப்போவில் கமிட் போட்டுக் காட்டினார். எந்தெந்தப் புலம் வரலாம் என்று வெளிப்படையாகப் பட்டியலிடுங்கள்.

எண்ணுக்குப் பதில் யூயூஐடி (நீளமான தனித்துவ அடையாளம்) வைத்துவிட்டால் போதும் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். ஊகிப்பது கடினமாகும், அவ்வளவுதான். லிங்க் ஒருமுறை யாருக்காவது ஃபார்வர்டு ஆகிவிட்டால் பழைய கதைதான்.

எண்ணை மாற்றாமலேயே அடுத்தவர் விவரம் தெரிகிறதா? இது வேறு நோய். முதலில் கேஷைப் பாருங்கள்: லாகின் செய்தவருக்கான பக்கத்தை இடையில் இருக்கும் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்து வேகமாகக் கொடுக்கும் சர்வர்கள்) சேமித்து எல்லோருக்கும் கொடுக்கிறதா? பதிலின் கேஷ்-கண்ட்ரோல் ஹெடரில் "ப்ரைவேட்" அல்லது "நோ-ஸ்டோர்" இருக்க வேண்டும். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் தளத்தில் ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்தது இப்படியொரு கேஷ் அமைப்புக் கோளாறால்தான். கேஷ் சரியாக இருந்தால், "தற்போதைய பயனர்" என்பதை குளோபல் வேரியபிளில் வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். தனியாகச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். இரண்டு வேண்டுகோள் ஒரே நேரத்தில் வந்தால்தான் கலக்கும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அனுமதிச் சோதனை நூறு இடத்தில் நூறு விதமாகச் சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டு மாளாது. அனுமதி அமைப்பையே மறுபடி வடிவமைக்கத் தெரிந்தவர் வேண்டும். செலவு அதிகம்தான். ஆனாலும் நூற்று ஒன்றாவது இடத்தில் மறுபடி மறப்பதைவிடக் குறைவு.

## பெயரில் சாய்வெழுத்து டேக் போட்டால் பெயர் சாய்ந்தே தெரிகிறது

அடைப்புக்குறிகள் அப்படியே எழுத்தாகத் தெரிந்தால் நல்லது. எழுத்து சாய்ந்தால், ஸ்கிரிப்டும் ஓடும்.

எஸ்கேப்பை, அதாவது அடைப்புக்குறி போன்றவற்றை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டுவதை, யாராவது அணைத்திருக்கிறார்களா? ரியாக்டில் டேஞ்சரஸ்லிசெட்இன்னர்எச்டிஎம்எல், வியூவில் வி-எச்டிஎம்எல், டிஜாங்கோவில் சேஃப் ஃபில்டர், வெறும் ஜாவாஸ்கிரிப்டில் இன்னர்எச்டிஎம்எல். இவற்றைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே போகும் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள். பாதிக்கு மேல் தேவையே இல்லாமல் போட்டதாக இருக்கும்.

எஸ்கேப் இருந்தும் ஓடுகிறதா? இணைப்பின் முகவரியைப் பயனரே தர முடிந்தால், அது "ஜாவாஸ்கிரிப்ட்:" என்று தொடங்கலாம். அதில் எஸ்கேப் செய்ய வேண்டிய எழுத்தே கிடையாது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டில் தொடங்குவதை மட்டும் விடுங்கள். ஸ்கிரிப்ட் டேகுக்குள் தரவைக் கொட்டும் டெம்ப்ளேட்டும் இதே வகை.

பயனருக்குத் தடித்த எழுத்து, படம் எல்லாம் நிஜமாகவே வேண்டுமா? ஆபத்தான டேக்குகளை வடிகட்டும் டாம்ப்யூரிஃபை போல நன்றாக அடிபட்டுத் தேறிய நிரல் நூலகத்தை வையுங்கள். சொந்த வடிகட்டி எழுதாதீர்கள். 2005 அக்டோபரில் மைஸ்பேஸில் ஒரு நாளுக்குள் பத்து லட்சம் பேரின் பக்கங்களுக்குப் பரவிய சாமி புழு, ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை நடுவில் வரி உடைத்து எழுதியே வடிகட்டியைத் தாண்டியது.

பழைய பதிவுகளில் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட ஸ்கிரிப்ட் இருந்தால், வெளியிடும் இடத்தைத் திருத்தினாலே அதன் பல் பிடுங்கப்பட்டுவிடும். ஆனால் யாருடைய செஷனை அது எடுத்துப் போனது என்ற கேள்வி தனி. அதற்கு மேலே சொன்ன விசாரணை ஆட்கள்தான்.

## ரெப்போவில் கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ கிடக்கிறது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அந்த வரியை அழித்துப் புதுக் கமிட் போடுவது. அதனால் ஒரு பயனும் இல்லை, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். வரிசை இதுதான்: முதலில் சாவியை ரத்து செய்து புதியது வாங்குங்கள். அப்புறம் பழைய சாவி கசிந்த நாளிலிருந்து யாராவது பயன்படுத்தினார்களா என்று சேவை தருபவரின் லாகைப் பாருங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை, பல சமயம் தேவையே இல்லை. மற்ற சாவிகளுக்கு, கசிந்த சாவிகளைத் தேடும் கிட்லீக்ஸை எல்லா பிராஞ்சிலும் ஓட்டிப் பாருங்கள். இமேஜ் கட்டும் டாக்கர் கோப்பையும் பில்டு லாகையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய சாவியை யாரோ பயன்படுத்தியிருப்பது லாகில் தெரிந்தால், இனி உங்கள் ரெவ்யூ வேலை இல்லை. ஆளைக் கூப்பிடுங்கள்.

## லாகினில் ஏதோ சரியில்லை

லாக் அவுட் செய்த பின்னும் பழைய டோக்கன் வேலை செய்கிறது. பிரௌசரில் குக்கியை மட்டும் அழித்திருப்பார்கள். சர்வரில் செஷன் இருந்தால் அதை அழிக்க ஒரு வரி போதும். ஜேடபிள்யூடி (சர்வர் கையெழுத்திட்டுப் பயனரிடமே கொடுத்துவிடும் டோக்கன்) என்றால் ஆயுளைக் குறைக்க வேண்டும் அல்லது ரத்துப் பட்டியல் வைக்க வேண்டும்.

டோக்கனில் பாத்திரத்தை "அட்மின்" என்று மாற்றி அனுப்பினால் ஏற்கிறது. கையெழுத்தை யாருமே சரிபார்க்கவில்லை. நோடின் ஜேசன்வெப்டோக்கன் நூலகத்தில் டீகோட் என்ற ஃபங்ஷன் பிரித்துக் காட்டுமே தவிரச் சரிபார்க்காது; வெரிஃபை என்பதுதான் சரிபார்க்கும். டீகோட் என்று தேடினால் சட்டென்று கிடைத்துவிடும். எந்த அல்காரிதம் என்பதை டோக்கனே சொல்ல விடாமல் நிரலில் நிலையாக எழுதுங்கள்.

நீளமான கடவுச்சொல்லின் கடைசி எழுத்தைத் தவறாகத் தட்டினாலும் உள்ளே விடுகிறது. கேட்டால் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்டு. கடவுச்சொல்லை ஹேஷாக மாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட் முறை முதல் 72 பைட்டைத்தான் கணக்கில் எடுக்கும். பல நூலகங்கள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால், தமிழில் கடவுச்சொற்றொடர் வைப்பவருக்கு 24 குறிகளோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நீள வரம்பு வைத்துத் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆர்கான்2 என்ற ஹேஷ் முறைக்கு மாறுங்கள். எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறை கண்ணில் பட்டால் கேள்வியே வேண்டாம், மாற்றியாக வேண்டும்.

கடவுச்சொல் மீட்கும் லிங்க். டோக்கன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நேரத்தையோ ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரேண்டமையோ வைத்துக் கட்டியிருந்தால் ஊகித்துவிடலாம். பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல் இதற்கென்றே இருக்கிறது.

சொந்தமாக எழுதிய குறியாக்கம் எங்காவது கிடந்தால், அது சரியா என்று நீங்கள் உட்கார்ந்து ஆராய வேண்டாம். நிலையான நூலகத்துக்கு மாற்றுங்கள். மாற்றவே முடியாத சூழல் என்றால் குறியாக்கவியல் படித்தவரிடம் கொடுங்கள்.

## ஒரே ஒரு வேண்டுகோளில் சிபியு 100 சதவீதம்

ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) சந்தேகியுங்கள். (அ+)+$ மாதிரி, அடைப்புக்குள் ஒரு பிளஸ், வெளியே இன்னொரு பிளஸ். இதற்கு முப்பது "அ"வும் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் கொடுத்துப் பாருங்கள். பின்வாங்கித் தேடும் இன்ஜினாக இருந்தால் மூச்சு முட்டிவிடும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் வலையமைப்பை ஏறக்குறைய அரை மணி நேரம் படுக்கவைத்தது இப்படிப்பட்ட ஒற்றை விதிதான். உள்ளீட்டின் நீளத்துக்கு வரம்பு வைப்பது எளிய மருந்து. ஆர்இ2 போன்ற, பின்வாங்காத இன்ஜினுக்கு மாறுவது நிரந்தர மருந்து.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் இல்லை என்றால், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிசை என்பதைப் பயனரே சொல்ல முடிகிறதா, ஜிப் கோப்பை அளவு பார்க்காமல் விரிக்கிறதா என்று பாருங்கள்.

## சி நிரல் சில கோப்புகளுக்கு மட்டும் விழுகிறது

விழுவதைவிட, விழாமல் தப்பான விடை தருவது ஆபத்து. முதலில் ஜிசிசி அல்லது கிளாங்கில், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்து அதே கோப்பைக் கொடுங்கள். பல சமயம் வரி எண்ணோடு சொல்லிவிடும்.

சொல்லாவிட்டால், எதிராளி அனுப்பிய நீளத்தை நம்பும் இடங்களைத் தேடுங்கள். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் இதுதான்: "நான் அனுப்பியது இத்தனை பைட்" என்று வந்த எண்ணை ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் சரிபார்க்காமல், நினைவகத்தைப் படியெடுக்கும் மெம்காப்பிக்குக் கொடுத்தது, ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் கசிந்தது. அதனால் மெம்காப்பி, நினைவக இடம் ஒதுக்கும் மேலாக் இரண்டையும் தேடி, நீளம் எங்கிருந்து வருகிறது, எங்கே ஒப்பிடப்படுகிறது என்று பாருங்கள். மேலாக்குக்குள் பெருக்கல் இருந்தால், பெரிய எண்கள் சுற்றி வந்து சின்ன எண்ணாகிவிடுமா என்றும் பாருங்கள்.

கம்பைலரோ சோதனைக் கருவியோ தரும் எச்சரிக்கைகளை வாயடைப்பதற்காக யாராவது வரியை நீக்கியிருந்தால் அந்தக் கமிட்டை இருமுறை படியுங்கள். டெபியனில் 2008-ல் வெளிப்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் சிக்கல் அப்படி வந்ததுதான். ஒரு சோதனைக் கருவி குறை சொன்ன வரியை எடுத்ததால், உருவாகும் சாவிகள் ஊகிக்கக்கூடிய சின்ன எண்ணிக்கைக்குள் சுருங்கிவிட்டன.

சானிடைசர் "விடுவித்த பின் பயன்பாடு" (திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடி தொடுவது) என்று சொல்லி, அது பல த்ரெட்களுக்கு நடுவே நடந்தால், நினைவகப் பாதுகாப்பில் பழுத்தவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரைகுறைத் திருத்தம் பிழையை மறைத்துவிடும்; ஓட்டை அப்படியே இருக்கும்.

## ஸ்கேனர் ஆயிரம் எச்சரிக்கை தருகிறது

செம்கிரெப், கோட்கியூஎல், பேண்டிட் எதை ஓட்டினாலும் முதல் முறை இப்படித்தான். தீவிரம் என்று அது போடும் சிவப்பு நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். லாகின் இல்லாமல் வெளியிலிருந்து தொடக்கூடிய நிரல் எது என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். சோதனைக் கோப்புகளில் வருவதை ஓரங்கட்டினாலே பட்டியல் சட்டென்று சுருங்கும். ஒரே விதியில் பத்துக்கு மேல் வந்தால், ஒன்றை மட்டும் முழுமையாகப் பின்தொடருங்கள். அது பொய் எச்சரிக்கை என்றால் மற்றவையும் அதே காரணத்தால் வந்தவையா என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

எச்சரிக்கையே வரவில்லையா? சந்தோஷப்படும் முன், ஸ்கேனர் உங்கள் ஃப்ரேம்வொர்க்கைப் புரிந்துகொள்கிறதா என்று பாருங்கள். சோதனைப் பிரதியில் வேண்டுமென்றே ஒட்டுப்போட்ட குவெரி ஒன்றை எழுதி ஓட்டுங்கள். அதையும் பிடிக்கவில்லை என்றால் அமைப்பு தப்பு.

எச்சரிக்கை உங்கள் நிரலில் இல்லை, நூலகத்தில் இருக்கிறதா? பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு "நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை" என்று சொல்லாதீர்கள். 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக்4ஜே என்ற லாக் நூலகத்தில் லாக்4ஷெல் ஓட்டை வந்தபோது, பலர் லாக்4ஜே தங்களிடம் இல்லை என்றுதான் நினைத்தார்கள். அது வேறு நூலகத்தின் வயிற்றுக்குள் இருந்தது. எந்த நூலகம் எதைச் சார்ந்திருக்கிறது என்ற சார்பு மரத்தை முழுதாக விரித்துப் பாருங்கள். பதிப்பை உயர்த்தினால் தீர்வது எளிய கேஸ். உயர்த்தினால் பாதி நிரல் உடையும் என்றால், பாதிக்கப்பட்ட ஃபங்ஷனை உங்கள் நிரல் நிஜமாகக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். கூப்பிடுகிறது, நூலகத்தைப் பராமரிப்பவரும் இல்லை என்றால், அதற்கு ஒட்டுப் போட்டுத் தனியாகப் பராமரிக்கத் தெரிந்த ஆளுக்கு பட்ஜெட் கேளுங்கள். அதுவரை அந்த வசதியை அணைத்து வையுங்கள்.